நாலு பொத்தான் கோட்டு

— பேச்சை மாத்தாத சனாயே. பொத்தானைக் கொண்டு வந்தியா இல்லையா, அதை மட்டும் சொல்லு.

— அம்மா, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க, அது வந்து, பாங்க் லாக்கர்ல...

— போன வருஷம் கண்காட்சியில வச்சிருக்குன்ன. அதுக்கு முந்தின வருஷம் பதிப்பகத்துப் பெட்டியில பூட்டியிருக்குன்ன. இப்ப பாங்க்கா. என்னைவிட அந்தப் பொத்தான் நல்லா ஊர் சுத்துது.

— நிஜமாத்தாம்மா, டோக்கியோவில...

— நான் என்ன உன் பணத்தையா கேட்டேன்? என் பையன் கோட்டுல இருந்த பித்தளைப் பொத்தான். கட்டைவிரல் நகம் அகலம். அதைக் கண்ணால பாக்க ஒன்பது வருஷமாக் கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— நாளைக்குக் காலையில ஷூட்டிங்கும்மா. அறுபது பேரு வந்து இறங்கியிருக்காங்க. இன்னைக்கு நீங்க ஒப்பந்தத்துல முத்திரை குத்தித் தரலேன்னா...

— குத்த மாட்டேன்னு எவ சொன்னா? பொத்தானை இந்த மேசையில வை, நான் முத்திரையை எடுக்கறேன். கோஹெய் கோட்டு வேணுமா, எடுத்துக்கோ. இந்தச் சலவைக்கடை வேணுமா, உள்ள வந்து படம் பிடிச்சுக்கோ. இஸ்திரி போடற இந்தக் கிழவியையும் சேத்துப் பிடிச்சுக்கோ.

— இத்தனை வருஷம் இல்லாத பிடிவாதம் இன்னைக்கு எதுக்கும்மா?

— இன்னைக்கு என்ன நாளு?

— பிப்ரவரி இருபத்தெட்டு.

— இருபத்திநாலு வருஷம் ஆச்சு அவன் போயி. எனக்கு எழுபத்திநாலு. அது அவன் கையால கழட்டிக் குடுத்ததா, வேற மாதிரி போச்சான்னு எனக்குத் தெரியணும். தெரியாம நான் போகக் கூடாது. இதுல என்ன பிடிவாதத்தைக் கண்ட?

— அதான் கதையிலயே இருக்கே.

— கதையில இருக்கு. சரி விடு, கதையையே பேசுவோம். அவனைக் கடல்ல இருந்து எடுத்தப்ப கோட்டுல அஞ்சுக்கு நாலு பொத்தான்தான் இருந்துச்சு. மேல இருந்து ரெண்டாவது இல்லை. ஊரு என்ன சொல்லிச்சு?

— யாருக்கோ குடுத்திருக்கான்னு.

— மறுநாள் பள்ளிக்கூடத்துல வழியனுப்பு விழா. பசங்க மனசுக்குப் பிடிச்சவளுக்கு நெஞ்சுக்கு நேரா இருக்கற பொத்தானைக் குடுக்கற நாளு. இவன் ஒரு நாள் முன்னாடியே குடுத்துட்டான், பாவம், யாரோ ஒருத்தி மேல மனசு வச்சிருக்கான்னு பேசிக்கிட்டாங்க. நானும் அப்படியே வச்சுக்கிட்டேன். பதினஞ்சு வருஷம் கடை மணி அடிக்கும்போதெல்லாம் அந்தப் பொண்ணுதான் வந்துட்டாளோன்னு தலையைத் தூக்கிப் பாத்தேன். வந்ததெல்லாம் போர்வை வெளுக்கக் குடுக்கறவங்க.

— அம்மா...

— அப்புறம் தபாலாபீஸ்காரி நீ வரைஞ்ச மங்கா படக்கதையை மூட்டை கட்டிக் கொண்டு வந்தா. ‘அக்கா, இதுல வர்ற துறைமுகம் நம்ம துறைமுகம் மாதிரியே இருக்கு, இந்தப் பையன் நவோயா நம்ம கோஹெய் மாதிரியே சிரிக்கிறான்’னா. பதினேழு தொகுதி. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வரி வரியாப் படிச்சேன். கடைசித் தொகுதியில அந்தப் பொண்ணு மிபுயு கையைத் திறக்கறா, உள்ள பொத்தான். நான் என்ன பண்ணேன்?

— கருவாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு டோக்கியோ வந்தீங்க.

— நீ கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்த வரிசையில, சின்னப் பொண்ணுங்களுக்கு நடுவுல மூணு மணி நேரம் நின்னேன். அதுங்க பூவெல்லாம் வச்சிருந்துச்சு, நான் கருவாடு. என் முறை வந்ததும் என்ன கேட்டேன்?

— ‘என் பையன் பொத்தான் உன்கிட்டயா இருக்கு’ன்னு.

— நீ?

— ஆமான்னேன்.

— பொய்யா அது?

— இல்ல. சத்தியமா அது பொய் இல்லம்மா.

— அப்பக் காட்டு.

— ...மணி அடிக்குது. யாரோ வர்றாங்க.

— வரட்டும். பனிக்கு ஒதுங்க வர்றவனா இருக்கும்.

— மன்னிக்கணும், மன்னிக்கணும். தப்பா நினைக்கக் கூடாது. டிவி கம்பெனி தயாரிப்பாளர், முராசேன்னு பேரு. கதை எழுதின ஆசிரியரம்மா உள்ள போயி ஒரு மணி நேரம் ஆச்சு, வண்டியில உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு. செருப்பை எங்க விடட்டும்?

— இது கடை. செருப்போட வா.

— ரொம்ப உபகாரம். பெரியம்மா, இது டோக்கியோ பயறு இனிப்பு. சின்னப் பெட்டிதான், தப்பா நினைக்கக் கூடாது.

— கோஹெய் படத்துக்கிட்ட வை. அவன்தான் இனிப்பு திம்பான்.

— அப்படியே ஒரு ஊதுபத்தியும்... ஆச்சு. பெரியம்மா, இந்தக் கதையை நான் படிச்சப்ப எனக்கு நாப்பது வயசு. ஆபீஸ் கழிவறையில உக்காந்து அழுதேன்.

— ஏன், வேற இடம் கிடைக்கலியா?

— அது... கதவைச் சாத்திக்கலாம் பாருங்க. அப்புறம் அனிமே வந்துச்சு, என் பொண்ணு அழுதா. சினிமா வந்துச்சு, என் சம்சாரம் அழுதா. இப்ப எங்க தொடர்ல பதினோரு வாரம், நாடே அழணும்னு எங்க தலைவர் சொல்லியிருக்காரு.

— சனாயே புஸ்தகத்துல அவனை ஒரு தடவை தண்ணியில தள்ளினா. பொம்மைப் படத்துக்காரன் ஒரு தடவை. சினிமாக்காரன் ஒரு தடவை. நீங்க நாலாவது. ஒவ்வொரு தடவையும் கடல் இன்னும் கொஞ்சம் நீலமாயிட்டே போகுது. பிப்ரவரியில எங்க கடல் என்ன நிறம் தெரியுமா?

— என்ன நிறம் பெரியம்மா?

— பாத்திரம் கழுவின தண்ணி.

— அம்மா, முராசே ஐயா கிட்ட ஏன்...

— இல்லை ஆசிரியரம்மா, பேசட்டும், இதெல்லாம் எங்களுக்கு உதவும். பெரியம்மா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. சினிமாவில பண்ணின தப்பை நாங்க பண்ண மாட்டோம்.

— என்ன தப்பு?

— கத்திரிக்கோல் காட்சி. புஸ்தகத்துல மிபுயு அலைத்தடுப்புச் சுவர் மேல நின்னுக்கிட்டு, நவோயா கோட்டுப் பொத்தானோட நூலைச் சின்னக் கத்திரிக்கோலால வெட்டுவா. பனி விழும். வாசகருங்க அந்தப் பக்கத்தைத் துண்டுல அச்சடிச்சுத் தோள்ல போட்டுக்கிட்டு அலையறாங்க. சினிமாக்காரன் என்ன பண்ணான், பையன் கோட்டுக்கு உள்ள கையை விட்டு என்னமோ வளையத்தைக் கழட்டற மாதிரி எடுத்துட்டான். முன்னோட்டக் காட்சி பாத்துக்கிட்டு இருந்த ஆசிரியரம்மா எந்திரிச்சு வெளியே போயிட்டாங்க. பத்திரிகையிலகூட வந்துச்சு.

— அந்த சினிமாவுக்கு உடுப்புப் பாத்துக்கிட்ட அம்மா இங்க வந்தா. இதே இடத்துல நின்னா. நான்தான் அவளுக்குக் காட்டினேன்.

— எதை?

— வளையத்தை.

— எனக்கு நீங்க சொல்லவே இல்லையேம்மா.

— நீ கேக்கவே இல்லையே. முராசே, நீ எந்த ஊருப் பள்ளிக்கூடம்?

— யோக்கோஹாமா. எங்களுக்குக் கழுத்துல டை, மேல நீலக் கோட்டு.

— அதான் தெரியல. எங்க பசங்க போடற கறுப்புக் கோட்டுல பொத்தானைத் தைக்கறதே இல்லை. அஞ்சு ஓட்டை இருக்கும். பொத்தானுக்குப் பின்னாடி ஒரு காது இருக்கும். காதை ஓட்டைக்குள்ள விட்டு, உள்பக்கம் ஒரு கம்பி வளையத்தை மாட்டினா நின்னுக்கும். வெளுக்கும்போது பித்தளை கறுத்துடக் கூடாது பாரு, அதுக்காக. மார்ச் மாசம் வந்தா இந்தக் கடைக்கு நூறு கோட்டு வரும். ஐநூறு வளையத்தை இந்த விரலாலதான் கழட்டுவேன், இந்த விரலாலதான் மாட்டுவேன்.

— அப்ப நூலே கிடையாதா?

— கிடையாது.

— ஐயோ, எங்க உடுப்புக்காரங்க நேத்துதான் சிவப்பு நூல்ல தச்சு வச்சாங்க. காமெராவில தெரியணும்னு. ஆசிரியரம்மா, இதை நீங்க...

— முராசே ஐயா, நீங்க கொஞ்சம் வண்டியில இருங்க. நான் கூப்பிடறேன்.

— கண்டிப்பா, கண்டிப்பா. ஒண்ணே ஒண்ணு, பெரியம்மா எங்க போஸ்டரைப் பாத்தீங்களா? மிபுயுவோட இடது கை. விரலெல்லாம் இறுக்கி மூடியிருக்கும். பதினேழு அட்டையிலயும் அந்தக் கையை ஆசிரியரம்மா மூடியேதான் வரைஞ்சிருக்காங்க. டோக்கியோ ஸ்டேஷன்ல மூணு மாடி உயரத்துக்கு மாட்டியிருக்கோம்.

— கையை மட்டுமா?

— கையை மட்டும்.

— அம்மாடி. மூணு மாடிக்கு மூடின கை. போ, போய்க் காலைக் காய வை. கதவை நல்லா இழுத்துச் சாத்து.

— ...அம்மா, அந்த ஆளு முன்னாடி இதெல்லாம்...

— உனக்கும் தெரியல சனாயே. பொத்தானை வாங்கினவ நீ. அது எப்படிக் கழலும்னு உனக்கே தெரியல. நூலுன்னு நினைச்சு வரைஞ்சுட்ட.

— கடைசித் தொகுதி வந்த வாரமே பசங்க கடிதாசி போட்டாங்க, நூல் கிடையாதுன்னு. எங்க எடிட்டரு, ‘கத்திரிக்கோல்தான் அழகா இருக்கு, அப்படியே விட்டுடுங்க’ன்னாரு. படம் வரையறதுல இப்படி எவ்வளவோ தப்பு நடக்கும்மா.

— நடக்கும். சட்டைக்கு ஒரு பை கூட வரைஞ்சுடலாம், மரத்துக்கு ஒரு கிளை குறைஞ்சுடலாம். ஆனா ஒரு பையன் உன் எதிர்ல நின்னு, கோட்டை விரிச்சு, உள்ள கையை விட்டு, வளையத்தைத் திருகிக் கழட்டி, இந்தான்னு நீட்டியிருந்தா நீ மறப்பியா? செத்தாலும் மறக்க மாட்ட. இந்தப் பிஸ்கட் டப்பாவைத் திற. என் கையில இஸ்திரிப் பெட்டி இருக்கு, நீயே திற.

— என்னம்மா இது, இவ்வளவு பொத்தான்.

— அதெல்லாம் யாரோ யாரோ விட்டுட்டுப் போனது. மூலையில ஒரு காகிதப் பொட்டலம் இருக்கு பாரு. அதைப் பிரி. என்ன இருக்கு?

— வளையம்.

— வளையத்துல மாட்டிக்கிட்டு நிக்குதே, அது?

— ஏதோ கம்பித் துண்டு.

— பொத்தானோட காது. பாதிக் காது. அவன் கோட்டுக்கு உள்பக்கம் அதுதான் இருந்துச்சு. பொத்தான் போயிடுச்சு, காது உள்ளயே தங்கிடுச்சு. குடுத்ததில்ல அது. பிச்சது. சும்மா இழுத்தா வராது, முறுக்கிப் பிச்சாத்தான் உடையும்.

— எப்ப இருந்து... எப்ப இருந்து இது உங்களுக்குத் தெரியும்?

— அவனை வீட்டுக்குக் கொண்டு வந்த அன்னைக்கே. வந்தவங்க எல்லாரும் முகத்தைப் பாத்து அழுதாங்க. நான் சலவைக்காரி, கோட்டைத்தான் பாத்தேன்.

— அப்ப டோக்கியோவுக்கு வந்தப்பவே...

— தெரிஞ்சுதான் வந்தேன். நீ ஆமான்னதும் உன் மூஞ்சியைப் பாத்தேன். பொத்தான் இவகிட்டதான் இருக்குன்னு புரிஞ்சுது. அவன் குடுக்கலன்னும் புரிஞ்சுது.

— அப்புறமும் என்னை மருமகளேன்னு கூப்பிட்டீங்க. ஒன்பது வருஷம். சோறு போட்டீங்க. கம்பளிச் சட்டை பின்னிக் குடுத்தீங்க.

— அவன் வகுப்புல முப்பத்தொரு பேரு. ஊதுபத்தி ஏத்த யாரு வந்தா? நீ ஒருத்திதான் வந்த. பொய்யோட வந்தாலும் வந்தியே.

— அப்பவே கேட்டிருக்கலாமே.

— கேட்டா நீ திருப்பிக் கேப்ப.

— நான் என்னத்தைக் கேக்கப் போறேன்?

— ‘பொத்தான் போனா போகட்டும்னு விடாம அவன் எதுக்கு அலைத்தடுப்புக் கல்லுக்குள்ள இறங்கியிருப்பான்’னு. அதுக்குப் பதிலு என்கிட்டதானே இருக்கு.

— புரியலம்மா.

— அந்தக் கோட்டு அவனோடது இல்லை. கணக்கு வாத்தியார் மூத்த பையனோடது. வெளுக்கப் போட்டுட்டு வாங்க வரவே இல்லை. கோஹெய் அப்பா செத்துப்போன வருஷம் அது. புதுக்கோட்டுக்கு நான் எங்க போவேன்? கம்பியில தொங்கினதை எடுத்துப் போட்டு விட்டேன். மூணு வருஷமும் அதுதான். முடியப் போற நேரத்துல வாத்தியார் சம்சாரம் வந்து நிக்கறா, ‘ஏப்ரல்ல சின்னவன் பள்ளிக்கூடத்துல சேர்றான், அந்தக் கோட்டு இருக்கா’ன்னு. இருக்கே, வெளுத்துத் தர்றேன்னுட்டேன்.

— அவன்... அது எங்களுக்கு...

— அன்னைக்குக் காலையில இங்க நின்னு ஷூ மாட்டறான். நான் தலையைக்கூடத் தூக்கல. இஸ்திரி போட்டுக்கிட்டே சொன்னேன். ‘அஞ்சு பொத்தானும் இருக்கணும். எவளுக்காவது குடுத்துட்டு வந்தியோ, இந்த வாசப்படி ஏறாத.’ அதுதான் நான் அவன்கிட்ட கடைசியாப் பேசினது.

— அவன் என்ன சொன்னான்?

— ‘என்கிட்ட யாரும்மா வந்து கேக்கப் போறா’ன்னு சிரிச்சான். இப்பத் தெரியுதா நான் எதுக்கு வாயைத் திறக்கலன்னு? உன் கதையில அவன் பாட்டுக்குக் குடுக்கறான், திரும்பி நடக்கறான், அலை வந்து அடிச்சுட்டுப் போகுது. அதுல நான் இல்லவே இல்லை. என் வார்த்தை இல்லை. எனக்கு அது நல்லா இருந்துச்சு சனாயே. பொய்யின்னு தெரிஞ்சும் பதினேழு தொகுதியையும் ராத்திரி தலைமாட்டுல வச்சுக்கிட்டுதான் படுப்பேன். ஆனா இனிமே முடியல. அவன் தவறி விழுந்தானா, இல்லை என் பேச்சுக்குப் பயந்து இறங்கினானா? எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்.

— பொத்தான் பையிலதாம்மா இருக்கு.

— தெரியும். வந்ததுல இருந்து பை மேல இருந்து கையை எடுக்கலியே.

— இந்தாங்க.

— ...இவ்வளவு சின்னதா இது? என் நினைப்புல பெருசா இருந்துச்சு. ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு? நீ தேய்ப்பியா?

— வாரத்துக்கு ஒரு தடவை.

— திருப்பு. அந்தக் கம்பித் துண்டை எடு. வச்சுப் பாரு.

— ...பொருந்துது.

— பொருந்தும். சொல்லு இப்ப. அழாதே, அழுதா வார்த்தை புரியாது. எனக்குக் காது மந்தம்.

— வழியனுப்பு விழா ஒத்திகை முடிஞ்சு அலைத்தடுப்புச் சுவருக்குப் போனோம். நாங்க ஏழு பேரு. கோஹெய் பின்னாடியே வந்தான். எல்லாரும் இருக்கும்போதே என் எதிர்ல வந்து நின்னான்.

— போலீஸ்ல அவன்கூட யாரும் இல்லைன்னு சொன்னீங்க.

— ஏழு பேரும் ஒரே மாதிரி சொன்னோம்.

— சரி விடு. மேல சொல்லு.

— ‘சனாயே, நாளைக்கு என்னால பொத்தான் குடுக்க முடியாது. ஆனா குடுக்கறதா இருந்தா உனக்குத்தான் குடுத்திருப்பேன். அதை மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்’னான்.

— இப்படியே சொன்னானா?

— இப்படியேதான். ஏன் முடியாதுன்னு சொல்லல. கோட்டு விஷயம் எனக்கு இன்னைக்குத்தாம்மா தெரியுது. எல்லாரும் கெக்கெக்கேன்னு சிரிச்சாங்க. எனக்கு அவமானமாப் போச்சு. அவன் மேல எப்பவும் ஒரு மண்ணெண்ணெய் வாசனை வரும், அதைச் சொல்லிச் சொல்லி அவளுங்க என்னைக் கேலி...

— மண்ணெண்ணெய் இல்ல அது. வெளுக்கற எண்ணெய். என் கையில வர்ற வாசனைதான்.

— ஆமாம்மா. ஒருத்தி சொன்னா, ‘அவன் குடுக்கலேன்னா நீயே எடுத்துக்கோயேன்’னு. நான் அவன் கோட்டைப் பிடிச்சேன். விளையாட்டுக்குத்தான் பிடிச்சேன். அவன் ‘வேண்டாம், இது மட்டும் வேண்டாம்’னு கெஞ்சினான். கெஞ்ச கெஞ்ச அவளுங்க சிரிச்சாங்க. எனக்கு நிறுத்தத் தெரியல.

— முறுக்கினியா?

— முறுக்கினேன்.

— அப்புறம்?

— அப்புறம், கடல் பக்கம் எறிஞ்சேன். அந்த நாலு கால் கான்கிரீட் கல்லுங்க குவிச்சுக் கிடக்குமே, அதுக்குள்ள.

— அவன்?

— ‘அஞ்சும் இல்லாம என்னால வீட்டுக்குப் போக முடியாது’ன்னான். பையைக் கீழ வச்சுட்டு இறங்கிட்டான். அலைகூடப் பெருசா இல்லம்மா. கல்லு மேல பனி உறைஞ்சு கண்ணாடி மாதிரி இருந்துச்சு.

— கூப்பிட்டானா? கத்தினானா?

— இல்ல. ரெண்டு தடவை நிமிந்து பாத்து, ‘எந்தப் பக்கம் விழுந்துச்சு’ன்னு கேட்டான்.

— நீ என்ன சொன்ன?

— அந்தப் பக்கம்னு காட்டினேன். அப்புறம் ஒரு சத்தம். பாத்தா அவன் இல்லை. நாங்க ஓடிட்டோம். அம்மா. ஏதாவது சொல்லுங்க. இஸ்திரிப் பெட்டி தீயற வாசனை வருது.

— தீயட்டும். யாரோ ஒருத்தன் சட்டை. ...அப்ப என் வார்த்தைதான்.

— இல்லம்மா, நான் பிச்சதாலதான்.

— நீ பதினெட்டு வயசுக் கழுதை. பத்துப் பேரு சிரிச்சா எதையும் பிப்ப. பிச்சது நீ. இறக்கி விட்டது நான். இந்த டப்பாவைப் பாத்தியா? அன்னைக்கும் இது இங்கதான் இருந்துச்சு. அதே பள்ளிக்கூடத்துப் பொத்தான், காதோட, வளையத்தோட, நூறு இருந்துச்சு. வாசல்ல நின்னு ‘அம்மா, ஒண்ணு போச்சு’ன்னு சொல்லியிருந்தா எனக்கு ஒரு நிமிஷ வேலை. திட்டிக்கிட்டே மாட்டி விட்டிருப்பேன். அது அவனுக்குத் தெரியலியே. நான் தெரிய விடலியே.

— அம்மா, போதும்மா.

— அவனை எரிச்சதுக்கு அப்புறம் பத்து நாள் நான் அந்தக் கல்லுக்குள்ள தேடினேன், தெரியுமா? அந்த ஒரு பொத்தானுக்கு. முட்டி போட்டு, ஒவ்வொரு இடுக்கா. நகமெல்லாம் பேந்து போச்சு. மீன்காரங்க எனக்குப் பைத்தியம்னுட்டாங்க. நீ எப்ப எடுத்த?

— ...மூணாம் நாளு. பனி உருகினப்ப.

— பாத்தியா. என் கண்ணுல படல, உன் கண்ணுல பட்டுச்சு. சரி விடு. போயித் தேடணும்னு தோணிச்சே, எடுத்துத் தேய்ச்சு வச்சியே. மத்த ஆறு பேருக்கு அதுகூடத் தோணல. அந்த டிவிக்காரனைக் கூப்பிடு.

— எதுக்கு?

— முத்திரை குத்தறேன்னு சொன்னேன் இல்ல? பொத்தானைக் காட்டிட்ட. நான் சொன்னா சொன்னதுதான். அதுதான் எனக்குக் கேடே. ஏய் முராசே, வா உள்ள.

— வந்துட்டேன், வந்துட்டேன். ரொம்ப உபகாரம் பெரியம்மா. இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு, இந்தப் பக்கத்துல கீழ ஒண்ணு. ஆச்சு. கோட்டு எது?

— கம்பியில கடைசியில, பிளாஸ்டிக் உறை போட்டது. வாத்தியார் வீட்டுல அப்புறம் வேண்டாம்னுட்டாங்க. பாத்து எடுத்துக்கிட்டுப் போ, நேத்துத்தான் இஸ்திரி போட்டேன்.

— கண் மாதிரி பாத்துக்கறேன். தப்பா நினைக்கக் கூடாது, ஒரு சந்தேகம். வளையத்தைக் கழட்டற மாதிரி எடுக்கவா, சிவப்பு நூலா? இப்ப எனக்கே குழப்பமா இருக்கு.

— சிவப்பு நூலே எடு. அவ கத்திரிக்கோலால வெட்டட்டும். அந்தப் பையன் சிரிச்சுக்கிட்டே குடுக்கட்டும். எங்கயாவது ஒரு இடத்துல அவன் குடுத்ததா இருக்கட்டும்.

— அருமை பெரியம்மா. இந்த வசனத்தையே வச்சுக்கலாம் போல இருக்கு. ஆசிரியரம்மா, நான் வண்டியைத் திருப்பி நிறுத்தறேன்.

— நீயும் கிளம்பு சனாயே. கடைசி ரயிலுக்கு நேரமாச்சு. இந்தப் பொத்தானையும் எடுத்துக்கிட்டுப் போ. இங்க இருந்தா நான் அதையே பாத்துக்கிட்டு உக்காந்துடுவேன்.

— எனக்கு வேண்டாம்மா.

— எடு. அவன் உனக்குன்னுதானே சொன்னான். அடுத்த வருஷமும் வா. மருமகளேன்னு இனிமே கூப்பிட முடியாது, பேரு சொல்லிக் கூப்பிடறேன். நீ பிச்ச, நான் விரட்டினேன், ரெண்டு பேருமா உக்காந்து ஒரு ஊதுபத்தி ஏத்துவோம். கீழ விழுந்ததைத் தேடி எடுத்து வச்சதுக்காவது உனக்கு ஒரு வாய் சோறு போடணும். என்ன நிக்கிற? கதவு திறந்திருக்கு, பனிக்காத்து அடிக்குது. கையை எதுக்குடி அப்படி மூடிக்கிட்டு நிக்கிற?

— அம்மா, பொத்தான் கீழ விழவே இல்லை. நான் எறிஞ்சது ஒரு கூழாங்கல்லு. அவன் இறங்கித் தேடினப்ப, எந்தப் பக்கம்னு கேட்டப்ப, பொத்தான் இந்தக் கைக்குள்ளதாம்மா இருந்துச்சு.